ஒரு செபமாலை நேரத்துத் தண்ணி

...இல்லைப் பிள்ளை, நான் எரிச்சலிலை சொல்லேல்லை. ஒழுங்கைக் கடைசி வீட்டுக்காரி வாய் திறந்தால் இப்ப தோஹாக் கதைதான். மகன் அனுப்பின லைட்டாம். பத்துதாம், நூருதாம், திருப்பிப் பத்துதாம். நேற்றுப் பூசை முடிஞ்சு வரேக்கை என்னை மறிச்சு, கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினவள். பாத்தால், நத்தாருக்கெண்டு, யேசு பிறந்த நாளுக்கெண்டு கட்டின குடிலுக்கு மேலை சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. பாலன் யேசு ஒருக்காக் காய்ச்சல்காரன் மாதிரிச் சிவந்து கிடக்கிறார், ஒருக்காப் பாசி பிடிச்ச மாதிரிக் கிடக்கிறார். எனக்கு வந்த சிரிப்பு! சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு "நல்ல வடிவு" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். பாவம், மகன் வெயிலிலை காஞ்சு உழைச்சு அனுப்பினது. குறை சொல்லக்கூடாது.

அப்பதான் அவள் கேக்கிறாள், "உங்கடை வீட்டுக் குடிலிலை முந்தித் தண்ணி சுத்தினதாம், ஊரே வந்து பாத்ததாம், உண்மையே அம்மா?" எண்டு.

உண்மைதான். இரும் பிள்ளை, அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இரும். நீர் சைவப் பிள்ளை, இந்த ஒழுங்கைக்கு வந்தும் ரெண்டு வருசம்தானே. உமக்கு ஆர் சொல்லியிருக்கப் போகினம்?

அது பெரிய புயல் அடிச்சதுக்கு முதல் வருசத்து நத்தார். எங்கடை மனிசன் அப்ப சீனன்குடா எண்ணைத் தாங்கியிலை வேலை. அதுக்கு முதல், வெள்ளைக்காரன் இருந்த காலத்திலை, டொக்யாட்டிலை. எங்கை எண்டாலும் குழாய் வேலைதான். ஆளுக்குக் கதை குறைவு. பக்கத்து வீட்டுப் பைப் சொட்டுற சத்தம் கேட்டால் சோத்துக் கையோடை எழும்பிப் போடுவார், நான் காய்ச்சலிலை கிடந்து அனுங்கினால் மட்டும் கேக்காது. சும்மா சொல்லுறன், நல்ல மனிசன். என்னை ஒரு நாள் "எடி" எண்டு கூப்பிட்டதில்லை. கடைசி வரைக்கும் "இஞ்சாரும்" தான்.

எங்களுக்கு முதல் மூண்டும் தங்கேல்லை. நாலாவது தங்கினது, ஒரு பெட்டை. அவளுக்குச் சின்னனிலை ஒரு விளையாட்டு. கிணத்தடித் தொட்டியிலை நான் துவைக்கவெண்டு தண்ணி நிரப்பி வைச்சிருப்பன். பதுங்கிப் பதுங்கி வந்து, ஓட்டையை அடைச்ச துணியை இழுத்து விட்டிடுவாள். பிறகு குந்தியிருந்து, தண்ணி சுத்திச் சுத்தி இறங்கிறதை வாயைப் பிளந்துகொண்டு பாப்பாள். பூவைப் போடுவாள், வேப்பங்கொட்டையைப் போடுவாள், ஒருக்கா என்ரை சவுக்காரக் கட்டியையும் போட்டவள். எத்தினை அடி வாங்கியிருப்பாள்! அடிச்சுப்போட்டு நானும் பக்கத்திலை நிண்டு பாக்கிறதுதான், அது வேறை கதை.

அந்தப் பெட்டை பதினெட்டு வயதிலை, நான் சிஸ்டராப் போகப் போறன் எண்டு நிண்டாள். நான் அழுதன். அவர் அழேல்லை. வீட்டு முத்தத்திலை இருந்து சைக்கிள் செயினைக் கழட்டினார், பூட்டினார், திருப்பியும் கழட்டினார். பொழுதுபடும் வரைக்கும் அதுதான்.

மடத்திலை ரெண்டு வருசத்துக்கு மேலை இருந்து படிச்சாள். அங்கை ஒரு வழக்கம். வார்த்தைப்பாடு குடுக்கிறது எண்டு ஒண்டு இருக்குப் பிள்ளை. இனி எனக்குக் கலியாணம் இல்லை, வீடு வாசல் இல்லை எண்டு கோயிலிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறது. அதைச் சொல்ல முன்னம் பத்து நாளைக்கு வீட்டுக்கு விடுவினம். தாய் தேப்பனோடை இருந்து யோசிக்கோணும். மனம் மாறினால் அப்பிடியே நிண்டிடலாம், ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்ல மாட்டினம். எங்கடை பிள்ளைக்கு அந்தப் பத்து நாளும் நத்தாரோடை வந்தது.

எனக்கு அந்தப் பத்து நாளைத் தவிர வேறை நினைப்பில்லை. அவள் நிக்கோணும். அவ்வளவுதான்.

எங்கடை கோயில் சுவாமி, பாதர்தான், வீட்டுக்கு வந்து எங்கள் ரெண்டு பேரையும் இருத்தி வைச்சுச் சொன்னார்: "பிள்ளையை நில் எண்டும் சொல்லக்கூடாது, போ எண்டும் சொல்லக்கூடாது. அது அவளுக்கும் ஆண்டவருக்கும் உள்ள கதை. நீங்கள் அதிலை வாயைத் திறக்கப்படாது." ஓம் சுவாமி, ஓம் சுவாமி எண்டு தலையை ஆட்டினம். அவர் படலை தாண்டின பிறகு இவர் என்னைப் பாத்துச் சொன்னார், "இஞ்சாரும், வாயைத்தானே திறக்கப்படாது எண்டவர்."

அடுத்த நாள் வேலையாலை வரேக்கை ஒரு அசிட் போத்தல் கொண்டு வந்தார். பெரிய பற்றரிகளுக்கு ஊத்துற அசிட் வாறது, குண்டுக் கண்ணாடிப் போத்தல், ஒரு சின்னப் பிள்ளையின்ரை உயரம். வெள்ளைக்காரன் எறிஞ்சுபோட்டுப் போன சாமானுக்குள்ளை மூண்டு கிடந்ததாம், கேட்டு ஒவ்வொண்டாக் கொண்டு வந்தார். அதின்ரை அடியைத் தனிய வெட்டி எடுக்கோணும். எப்பிடி எண்டு சொன்னால் நம்ப மாட்டீர். சணல் கயித்தை மண்ணெண்ணையிலை நனைச்சு, அடியைச் சுத்திக் கட்டி நெருப்பு வைக்கிறது. எரிஞ்சு முடியிற நேரம் பாத்துப் பச்சைத் தண்ணிக்குள்ளை அமத்திறது. முதல் போத்தல் நடுவாலை பிளந்துது. ரெண்டாவது சில்லுச் சில்லாப் போச்சு. மூண்டாவதுக்கு என்னைக் கூப்பிட்டு, "இஞ்சாரும், மாதாவை ஒருக்கா மண்டாடிக்கொள்ளும், நான் அமத்திறன்" எண்டார். மண்டாடினன். 'டிக்' எண்டு ஒரு சின்னச் சத்தம். மூடி கழண்ட மாதிரி அடி கையோடை வந்திட்டுது. அண்டைக்கு அந்த மனிசன் சிரிச்ச சிரிப்பைக் கலியாணத்தண்டும் நான் காணேல்லை.

பிறகு அதைத் தலைகீழாக் கட்டினார். கழுத்து கீழை, வெட்டின வாய் மேலை. விறாந்தைச் சுவரோடை குடில். குடிலுக்குப் பின்னாலை சாக்கும் கடுதாசியும் வைச்சு ஒரு மலை. மலைக்கு நடுவிலை போத்தல். சுவருக்கு வெளியிலை மேடை கட்டித் தார்ப் பீப்பாய் ஒண்டை ஏத்தி, அதிலையிருந்து ஒரு ரப்பர்க் குழாயைப் போத்தல் விளிம்புக்குக் கொண்டு வந்தார். நேர ஊத்தினால் தண்ணி சுத்தாது பிள்ளை, ஒரு பக்கத்தாலை வழுக்கிக்கொண்டு ஓடோணும். அதைச் சரிப்படுத்த மட்டும் அவருக்கு நாலு நாள் போச்சு. கூடத் திறந்தால் வழியும், குறையத் திறந்தால் சுழி அறுந்து போம். சரியா வந்தால், நடுவிலை தண்ணி குழிஞ்சு குழிஞ்சு, முறுக்கின கயிறு மாதிரி ஒரு ஓட்டை நேர கீழை கழுத்து வரைக்கும் இறங்கும். கண்டுக்குட்டி பால் குடிக்கிற சத்தம் வரும். பின்னாலை ஒரு பல்ப். நான் உடுப்புக்குப் போடுற நீலத்திலை ஒரு சொட்டுக் கலந்து விட்டனான். எடி ஆத்தை, அந்த வடிவு!

என்ரை மச்சாள், அவரின்ரை தமக்கை, வந்து இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு பாத்தா. "குடில் பாக்க வாங்கோ எண்டு கூப்பிட்டுப்போட்டு, என்ரை தம்பி குளிக்கிற இடமெல்லே கட்டி வைச்சிருக்கிறான்!"

"தள்ளி நில்லுங்கோ மச்சாள். குளிச்சுப் பழக்கமில்லாத ஆக்களுக்குத் தடிமன் வந்திடும்" எண்டன். மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை.

சரி, இப்பதான் கதை. போத்தல் கழுத்தாலை இறங்கிற தண்ணி சுவருக்கு அங்காலை ஒரு அரைப் பீப்பாய்க்குப் போய் விழும். அதை வாளியிலை அள்ளி, மர வாங்கிலை ஏறி நிண்டு, மேல் பீப்பாய்க்கு ஊத்தோணும். மோட்டர் கீட்டர் ஒண்டும் எங்களிட்டை இல்லை. ஒரு செபமாலை சொல்லி முடிய, கால் மணித்தியாலத்திலை, மேல் பீப்பாய் வெறுமையாப் போம். நான் செபமாலை உருட்டிப் பாத்துத்தான் சொல்லுறன். அவர் முன்னாலை நிண்டு குழாய் முனைப் பைப்பைக் கூட்டிக் குறைக்கோணும். அப்ப ஆர் பின்னாலை நிண்டு அள்ளுறது?

இதிலைதான் நான் பிழை விட்டனான். ஒழுங்கையிலை எத்தினை பெடியள் இருந்தவங்கள். கூப்பிட்டிருந்தால் பாஞ்சு வந்திருப்பாங்கள். ஆனால் நான் ஒரு நேத்தி வைச்சிட்டன். சுவாமி வாயைத் திறக்கப்படாது எண்டிட்டார். சரி, மாதாவிட்டைச் சொல்லலாந்தானே. "தாயே, பிள்ளை நிக்கிற பத்து நாளும் இந்தத் தண்ணியை என்ரை கையாலைதான் ஊத்துவன். வேறை ஒரு கை படவிட மாட்டன். ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கேக்கை ஒருக்காலும் அறுந்து போக விடமாட்டன். நீ என்ரை பிள்ளையை நிப்பாட்டித் தா." இப்பிடி நேந்திட்டன். நேத்தியை வெளியிலை சொன்னால் பலிக்காது எண்டு அவருக்கும் சொல்லேல்லை.

பிள்ளை றெயிலாலை வந்து இறங்கினாள். வெள்ளைச் சட்டை, வெள்ளை முக்காடு. நல்லா இளைச்சுப் போயிருந்தாள். அண்டைக்குப் பின்னேரம் இவர் அவளைக் குடிலுக்கு முன்னாலை நிப்பாட்டிப்போட்டு, "இஞ்சாரும், ஊத்தும்!" எண்டு குரல் குடுத்தார். நான் சுவருக்குப் பின்னாலை வாங்கிலை நிக்கிறன். எனக்கு ஒண்டும் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேக்கும். தண்ணி ஓடத் துவங்கினது கேட்டது. பிறகு அவள் சிரிச்சாள். பிள்ளை, அந்தச் சின்ன வயதுச் சிரிப்பு அப்பிடியே! "அப்பா, இதுக்கும் எனக்கு அம்மாட்டை அடி விழுமோ?" எண்டு கேட்டாள்.

நான் வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அழுதன். நிக்கப் போறாள், மாதாவே, நிக்கப் போறாள் எண்டு.

அடுத்த நாள் துவங்கினதுதான் சனம். முதல் எங்கடை ஒழுங்கை. பிறகு கோயில் ஆக்கள். பிறகு சந்தைக்கு வாற முஸ்லிம் சனம், பிள்ளை குட்டியளோடை. சாம்பல்தீவுப் பக்கத்திலை இருந்தெல்லாம் வந்தினம். சல்லிக் கிராமத்திலை இருந்து ஒரு கிழவன், மீன்காரர், "கடலிலை அம்பது வருசம் எனக்குத் தலை சுத்தேல்லை, இந்தப் போத்தலைப் பாக்கச் சுத்துது, ஆராவது பிடியுங்கோடா" எண்டு கத்தினது எனக்கு இப்பவும் காதிலை கிடக்கு. எல்லாம் சுவருக்கு இங்காலை நிண்டு கேட்டதுதான். அந்தச் சுழியை, லைட்டோடை, முழுசா நான் பாத்தது ரெண்டு தரம் பிள்ளை. கட்டின நாள் ஒண்டு. பிறகு ஒருக்கா.

அவர் முன்னாலை நிண்டு, "தண்ணி! இஞ்சாரும், தண்ணி!" எண்டுவார். நான் அள்ளுவன். விடியப் பூசைக்குப் போய் வந்தால் சமையல், சமையல் முடிய வாளி. மழை பெய்தால் பீப்பாய் தன்பாட்டிலை நிரம்பும், ஒரு அரை மணித்தியாலம் பிள்ளைக்குப் பக்கத்திலை இருக்கலாம் எண்டு வானத்தைப் பாப்பன். மார்கழியிலை திருக்கோணமலையிலை மழை பெய்யாத வருசம் அது ஒண்டுதான் எண்டு நினைக்கிறன். பிள்ளை விறாந்தையிலை வாற சனத்தோடை கதைச்சுக்கொண்டு இருப்பாள். ராவிலை எனக்குப் பக்கத்திலைதான் பாய் போட்டாள். ஆனால் நான் விழுந்தால் மரக்கட்டை. காலமை எழும்பினால் அவள் எனக்கு மேலை போர்வையை இழுத்து விட்டிருப்பாள்.

நத்தாரண்டு ஒருக்கா பின்னாலை வந்தாள். "அம்மா, வாளியை இஞ்சை தாங்கோ" எண்டு கையை நீட்டினாள்.

"விடு பிள்ளை. பத்து நாளைக்கு வந்தனீ, உன்னட்டை வேலை வாங்கிறதே" எண்டு வாளியை மற்றப் பக்கம் மாத்திப் பிடிச்சன். நேத்தி எல்லே. அவளின்ரை முகம் சுருங்கினது. மடத்திலை விறாந்தை முழுக்க நான்தானே கழுவுறனான் எண்டாள். நான் சிரிச்சுச் சமாளிச்சன்.

கடைசி நாள் பின்னேரம். விடியக் காலமை றெயில். போறதோ நிக்கிறதோ எண்டு அவள் ஒண்டும் சொல்லேல்லை, நாங்களும் கேக்கேல்லை. பெட்டி கட்டேல்லை. நான் அதைப் பாத்துப் பாத்துச் சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்தனான். அண்டைக்கு மூதூரிலை இருந்து வள்ளத்திலை ஒரு கூட்டம் வந்து விறாந்தை நிறைஞ்சு போச்சு. நான் பின்னாலை ஊத்திக்கொண்டு நிக்கிறன். அவள் வந்தாள். வாங்கின்ரை ஓரத்திலை கையை வைச்சுக்கொண்டு நிண்டாள்.

"அம்மா, உங்களோடை ஒரு கதை கதைக்கோணும்."

"சொல்லு பிள்ளை."

"இறங்கி வாங்கோவன்."

முன்னாலை இவர் கத்துறார், "இஞ்சாரும், அறுகப் போகுது, தண்ணி!" கடைசி நாள். ஒன்பது நாள் அறாமல் காத்த தண்ணி. இதிலை அறுந்தால் நேத்தி போச்சு, பிள்ளை போச்சு. "ஒரு பொட்டுப் பொறு மகள், இந்தப் பத்து வாளியை ஊத்திப்போட்டு இறங்கிறன்" எண்டன்.

பத்து வாளி. ஊத்தினன். ஊத்திப்போட்டுத் திரும்பிப் பாத்தால் ஆள் இல்லை. முன்னாலை போயிட்டாள். நான் கையைத் துடைச்சுக்கொண்டு ஓடிப் போறன். மச்சாள் அவளைப் பிடிச்சுப் பக்கத்திலை இருத்தி வைச்சுக்கொண்டு, தன்ரை முழங்கால் நோவைச் சொல்லிக்கொண்டு இருக்கிறா. சுத்திவரச் சனம். பிள்ளை என்னைப் பாத்துச் சிரிச்சாள். அப்பதான் பிள்ளை, நான் அந்தச் சுழியை ரெண்டாந்தரம் பாத்தது. அவளின்ரை தலைக்குப் பின்னாலை நீலமாச் சுத்திக்கொண்டு நிண்டது. ஒரு இடத்திலையும் அறேல்லை.

சனம் போன பிறகு கேட்டன், "என்ன கதை மகள்?" எண்டு. "ஒண்டுமில்லை அம்மா, களைச்சுப் போனியள், படுங்கோ" எண்டாள். காலமை நான் எழும்பேக்கை பெட்டி கட்டி முடிஞ்சுது.

அவர் அண்டைக்கே குழாயைக் கழட்டினார். பீப்பாயை அடுத்த வருசம் புயல் கொண்டு போச்சு, ஆரின்ரை வளவுக்குள்ளை விழுந்துதோ தெரியாது. போத்தல் கன காலம் கிடந்தது, கோழிக்குஞ்சுகளைப் பிராந்து தூக்காமல் கவிட்டு வைக்கிறனான். கண்ணாடிக்குள்ளை நிண்டு குஞ்சுகள் எங்களைப் பாக்கும், பாக்கச் சிரிப்பு வரும். பிறகு அதுவும் உடைஞ்சுது.

நேத்தியிலை என்ன குறை விட்டன், எந்த வாளி பிந்தினது எண்டு நான் எத்தினை வருசம் யோசிச்சிருப்பன். மாதாவோடை கோவிச்சுக்கொண்டு ஒரு வருசம் மெழுகுதிரி கொளுத்தேல்லை. பாரும் என்ரை புத்தியை.

இவர் சாகிறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னம், கட்டிலிலை கிடந்து கேட்டார், "இஞ்சாரும், பிள்ளைக்கு அது பிடிச்சதுதானே?" எண்டு. எது எண்டு சொல்லேல்லை. எனக்கு விளங்கினது. "ஓம், நல்லாப் பிடிச்சது" எண்டன். பொய் இல்லைத்தானே பிள்ளை.

செத்த வீட்டுக்கு மகளை விட்டவை. ஒரு கிழமை நிண்டாள். ஆக்கள் எல்லாம் போன பிறகு நானும் அவளும் குசினியிலை இருந்து வெங்காயம் உரிச்சம். எனக்கு அப்ப ஆரைப் பாக்க, எதை ஊத்த? கேட்டிட்டன். "மகள், அண்டைக்கு வாங்கடியிலை வந்து நிண்டனியெல்லே, என்ன சொல்ல வந்தனீ?"

மறந்து போனன் எண்டு சொல்லுவாள் எண்டு நினைச்சன். மறக்கேல்லை. கத்தியை வைச்சிட்டு, "பயமாக் கிடக்கு எண்டு சொல்ல வந்தனான் அம்மா" எண்டாள்.

"அப்ப நிக்க நினைச்சனியோ?"

"அது தெரியாது. நிக்கிறதோ போறதோ எண்டு கேக்க வரேல்லை. பயமாக் கிடந்தது. உங்களுக்குச் சொல்லோணும் போலை கிடந்தது. அவ்வளவுதான்."

என்ரை ஆண்டவரே. நான் அவளை நிப்பாட்ட நிண்டன் பிள்ளை. அவள் என்னட்டை வந்தது அதுக்கில்லை. பயமாக் கிடக்கு எண்டு பிள்ளை வந்து சொன்னால், ஒரு தாய்க்கு என்ன வேலை? வாங்கிலையிருந்து இறங்கோணும், கட்டிப் பிடிக்கோணும். அதுக்கு நேத்தியும் தேவையில்லை, சுவாமியிட்டை உத்தரவும் தேவையில்லை. பிறகு அவள் போயிருப்பாள், நிண்டிருப்பாள், அது வேறை. பயத்தைத் தனியக் கொண்டு போயிருக்க மாட்டாள்.

நேத்தியைச் சொன்னன் அவளுக்கு. அப்பதான் முதல் முதல் ஆருக்கும் சொன்னது. அவள் சிரிச்சாள், பிறகு அழுதாள், பிறகு ரெண்டு பேருக்கும் வெங்காயம் எண்டு சாட்டுச் சொல்லிக்கொண்டம். "இப்ப பயமில்லை அம்மா, அது எப்பவோ போச்சு" எண்டாள். இருக்கும். அவள் பொய் சொல்ல மாட்டாள். ஆனால் எப்பிடிப் போச்சு, எத்தினை நாளிலை போச்சு, ஆருக்குச் சொன்னவள் எண்டு எனக்குத் தெரியாதே.

இந்த நத்தாருக்கும் வர ஏலாதாம். இப்ப இருக்கிற சுவாமி கடிதத்தை வாசிச்சுக் காட்டினார். தாய் தேப்பன் இல்லாத நாப்பது பிள்ளையளாம் அவளின்ரை பொறுப்பிலை. அதுகள் இடி இடிச்சால் அவளின்ரை அறைக்குத்தான் ஓடி வருகுதுகளாம், அவளும் எழும்பிக் கதவைத் திறந்து விடுவாளாம். அந்த இடத்தை மட்டும் சுவாமியை ரெண்டாந்தரம் வாசிக்கச் சொன்னனான். எனக்கு இப்ப நாள் முழுக்க நேரம் பிள்ளை. கையிலை ஒரு வேலை இல்லை. இருந்து இருந்து பாத்தால்...

ஐயோ, என்ன மணம் இது? பலகாரத்துக்குத் துணியிலை கட்டி மா அவிய வைச்சனான், அடிச்சட்டியிலை தண்ணி வத்திப் பிடிக்குது போலை! எழும்பும் பிள்ளை, வழி விடும், துணி கருகப் போகுது...